அரை அவுன்ஸ், வாய் ஓரமாக

ஜனவரி 6, திங்கள்

புது டைரி. என் வீட்டுக்காரர் சபாபதி வாங்கிக் கொடுத்தது. "வருஷா வருஷம் பிப்ரவரியோட நிறுத்திடுற. இந்தத் தடவையாவது டிசம்பர் வரைக்கும் எழுது" என்று சொல்லிக் கொடுத்தார்.

எழுதுவேன். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர எல்லாவற்றையும் எழுதுவேன். அந்த விஷயத்தை இதற்கு முன் இரண்டு டைரிகளில் முதல் வாரமே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அந்த இரண்டு டைரிகளையும் பிறகு நான் திறக்கவே இல்லை. சில விஷயங்கள் எழுதினால் கலைந்துவிடும். அதனால் இந்தத் தடவை வாய் மூடி, பேனாவும் மூடி.

வேலையைப் பற்றி எழுதலாம், அதில் தோஷம் இல்லை. பர்மிங்ஹாமில் ஜோசையா வின்டர்பர்ன் என்றால் வெள்ளி. பொத்தான் செய்பவருடைய மகன், பன்னிரண்டு வயதில் பட்டறைக்குப் போனவர். முப்பத்தைந்து வயதில் முந்நூறு பேர் வேலை செய்த தொழிற்சாலைக்கு முதலாளி. வெள்ளிமுலாம் பூசிய சாமான்களைச் செய்து, குமாஸ்தா வீட்டு மேசையையும் பிரபு வீட்டு மேசை போல மின்ன வைத்த மனிதர். அந்தத் தொழிற்சாலையில் மிச்சமிருக்கும் ஒரு மூலைதான் இப்போது எங்கள் அருங்காட்சியகம். எனக்கு ஒரு வருட ஒப்பந்தம், ஆயிரத்து இருநூறு சாமான்களுக்குப் பட்டியல் எடுக்கும் வேலை. மே 16 அவருடைய இருநூறாவது பிறந்தநாள். அன்றைக்குப் பெரிய கண்காட்சி.

தலைமை ஜூடித். அறுபத்து மூன்று வயது. வின்டர்பர்னை முப்பது வருடம் ஆராய்ந்து தலையணை மாதிரி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஆவுடையம்மாள் என்று என் பெயரைச் சொன்னேன். முகத்தைப் பார்த்துவிட்டு, ஆவுடை போதும் என்றேன். அவர் வாயில் அது 'ஆடி' ஆகிவிட்டது. மாதமா காரா என்று தெரியவில்லை, இரண்டில் ஒன்றாகிவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

வெள்ளிக்குப் போடும் பாலிஷ் வாடை குடலைப் பிடுங்குகிறது. மூன்று தடவை முற்றத்துக்கு ஓடினேன். ஜூடித் ஒன்றும் கேட்காமல் ஒரு டப்பா இஞ்சி பிஸ்கட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கெட்டிக்காரி.

ஜனவரி 21, செவ்வாய்

வீடு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்!

வின்டர்பர்ன் பெயரை ஊர் உலகமெல்லாம் கொண்டு போன சாமான் ஒன்று உண்டு. 'அன்னா படகு' என்று பெயர். காபிக்குக் கிரீம் ஊற்றும் சின்னக் கிண்ணம். ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் நீள மூக்கு, பிடி கிடையாது. லட்சக்கணக்கில் விற்றது. 1861 இல் அவர் கால்வாய்க் கரையில் நின்றபோது ஓர் இலை மிதந்து வந்ததாம், அதைப் பார்த்து அந்த உருவத்தைப் படைத்தாராம், அந்த வருடம் பிறந்த மகள் அன்னாவின் பெயரையே அதற்கு வைத்தாராம். ஜூடித் புத்தகத்தின் அட்டையில் அந்த இலைதான். கண்காட்சி வாசலில் ஆள் உயரப் பலகையிலும் இலைதான் வரப்போகிறது.

அந்தப் படகின் 'மாதிரி 1' இன்று என் கைக்கு வந்தது. கையுறை போட்டுக்கொண்டு எடுத்தேன். எடுத்த கை தானாகச் சாய்ந்தது. ஊற்றுவதற்குச் சாய்வது வேறு, புகட்டுவதற்குச் சாய்வது வேறு. சங்கு! பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு! எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இது இல்லாத வீடு உண்டா? என் தம்பி எலிக்குஞ்சு மாதிரி பிறந்தபோது, எட்டு வயதில் நான் அவனை மடியில் போட்டுக்கொண்டு இதே மாதிரி ஒன்றில்தான் பால் புகட்டினேன்.

ஜூடித்திடம் ஓடினேன். ஓடக் கூடாது, வேகமாக நடந்தேன்.

"ஜூடித், இது கிரீமுக்கு இல்லை. குழந்தைக்குப் பால் கொடுப்பதற்கு. எங்கள் ஊர்ச் சாமான்!"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆடி, மூக்கு நீளமாக இருந்தால் உறவாகிவிடுமா? வாத்துக்கும்தான் நீளமாக இருக்கிறது."

"சரி, இதில் ஏன் முத்திரை இல்லை?" என்றேன். இங்கே வெள்ளிச் சாமான் என்றால் சோதனைச் சாலையில் கொடுத்து முத்திரை குத்தி வாங்க வேண்டும். வின்டர்பர்ன் மகளுக்குச் செய்த பொம்மைக் கரண்டிக்குக்கூட முத்திரை வாங்கியவர்.

"முதல் முயற்சி. விற்பனைக்கு இல்லை. அடிப்பக்கம் வேறு புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது, பார்" என்றார். பிறகு கொஞ்சம் இரங்கி, "பலகைகள் ஏப்ரல் 25 அச்சுக்குப் போகின்றன. அதற்குள் காகிதத்திலோ வெள்ளியிலோ ஆதாரம் கொண்டு வா. மாற்றுகிறேன். இல்லாவிட்டால் இலைதான்" என்றார்.

ஏப்ரல் 25. பார்த்துவிடுகிறேன் ஒரு கை.

ஜனவரி 22, புதன்

அம்மாவிடம் போனில் படத்தைக் காட்டினேன்.

"ஏட்டி, இது சங்குல்லா! சீமைக்கு எப்படிப் போச்சு?"

"அதைத்தாம்மா கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடி, வேண்டாங்கல. ஆனா நீ அதெல்லாம் இப்பமே கையில எடுக்காத, கேட்டியா? எல்லாத்துக்கும் ஒரு நேரங்காலம் இருக்குல்லா."

அது என் வேலை, எடுக்காமல் எப்படி என்றேன். அம்மா சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை.

பிப்ரவரி 8, சனி

இரண்டு வாளி துணி துவைத்தாயிற்று. மாவு புளிக்கவே இல்லை, இந்தக் குளிரில் அதுவும் என்ன செய்யும். தோசை வார்த்துக்கொண்டே சபாபதியிடம் சங்கு கதையை நாற்பதாவது தடவையாகச் சொன்னேன்.

அவர் கும்பகோணத்துக்காரர். மாமனார் அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தார். இவர் இங்கே உலோகம் உருக்கி அச்சில் ஊற்றும் ஒரு வார்ப்பட ஆலையில் தரம் பார்க்கிறார்.

"சங்கு சங்குங்கிறியே, சங்குன்னா ஊதறது. இதுக்குப் பேரு பாலாடை" என்றார்.

"பாலாடைன்னா பால் மேல படியுமே, அது."

"அதுவும் பாலாடைதான், இதுவும் பாலாடைதான். எங்க கடைல வந்து 'ஒரு பாலாடை குடுங்க'ன்னா இதைத்தான் எடுத்துக் குடுப்போம். ஏடு எடுத்தா குடுப்போம்?"

தோசைக்கரண்டி கீழே விழுந்தது. பாலாடை. பால் ஏடு. கிரீம்!

வின்டர்பர்னின் பட்டறை நோட்டில் ஒரு வரி இருக்கிறது: 'பல்லாடி, அதாவது கிரீம்.' பல்லாடி என்பது பல்லாடியன், அதாவது பழைய இத்தாலியக் கட்டடப் பாணி என்று ஜூடித் தம் புத்தகத்தில் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார். ஐயோ ஜூடித்! பாலாடை வெள்ளைக்காரன் வாயில் பல்லாடி ஆகியிருக்கிறது! வின்டர்பர்ன் யாரிடமோ இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறார். கேட்கப்பட்ட புண்ணியவான் அகராதியைத் திறந்து, பால் ஏடு என்ற முதல் பொருளோடு மூடிவிட்டார். அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் லட்சம் வீட்டு மேசைகளில் குழந்தைச் சாமானில் கிரீம் ஊற்ற வைத்துவிட்டது!

சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சபாபதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "போதும் ஆவுடை, போதும், மெல்ல எழுந்திரு" என்று கையைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடவில்லை. தோசை கருகிவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

சொல்லிவிட்டேன். ஜூடித் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "பதினோரு பக்கம், ஆடி" என்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒரு சொல் இன்னொரு சொல்போல ஒலிப்பது ஆதாரமா? நீயே யோசித்துப் பார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

யோசித்தேன். ஆதாரம் இல்லைதான். எனக்குக் கோபமாகவும் இருக்கிறது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜூடித் பேசவில்லை. இஞ்சி பிஸ்கட் டப்பா மட்டும் நிரம்பியிருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

பட்டறை நோட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். பல்லாடி வரிக்கு மூன்று பக்கம் முன்னால் இது இருக்கிறது. அப்படியே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

'பிப்ரவரி 19, 1861. 10 மணி. அரை அவுன்ஸ், வாய் ஓரமாக. பாதி வழிந்துவிட்டது.
12 மணி. அரை அவுன்ஸ். ஏ. சொல்கிறபடி இன்னும் மெதுவாகச் சாய்க்க வேண்டும்.
2 மணி. அரை அவுன்ஸ். வழியவில்லை. கடவுளுக்கு நன்றி.'

ஜூடித் புத்தகம் சொல்வது என்ன? இது வார்ப்புச் சோதனை. அவுன்ஸ் என்பது வெள்ளியின் எடை. வாய் என்பது அச்சின் வாய். ஏ. என்ற ஆங்கில எழுத்து ஃபோர்மேன் ஆல்பர்ட்டைக் குறிக்கிறது.

வீட்டுக்கு வந்து சபாபதிக்குப் படித்துக் காட்டினேன். மனிதர் காபியைத் துப்பிவிட்டார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அரை அரை அவுன்ஸா வெள்ளி ஊத்துவானா? எந்தப் பட்டறைல? அச்சே ஆறிப் போயிடும். வார்ப்புன்னா ஒரே மூச்சுல ஊத்தணும். அதுவும் வழியலன்னு சாமிக்கு நன்றி வேற சொல்றான்! எனக்குத் தெரிஞ்சு ஒரு வார்ப்புக்காரனும் சொன்னதில்ல."

அச்சின் வாய் இல்லை. வாய்தான். குழந்தையின் வாய்! கடைவாய் ஓரமாக மூக்கை வைத்து, சொட்டுச் சொட்டாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. தம்பிக்குப் புகட்ட அம்மா எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். ஜூடித் புத்தகத்தையே புரட்டினேன். பக்கம் 88: 'மகள் அன்னா, பிறப்பு பிப்ரவரி 17, 1861. மிகப் பலவீனமாகப் பிறந்தாள்.' இரண்டே நாள் முன்னால்!

முந்நூறு பேருக்கு முதலாளி. தொழிற்சாலைக்குப் போகாமல், கையில் கிடைத்த பட்டறை நோட்டில், பெற்ற பிள்ளை எத்தனை சொட்டு குடித்தது என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அந்த மனிதரை இப்போதுதான் பிடித்துப் போயிற்று.

ஆனால் ஏ. யார்?

மார்ச் 5, புதன்

ஜூடித் இரண்டு தடவை படித்தார். "சாத்தியம்தான்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்குவது பல் பிடுங்குவது போல. "ஆனால் இந்தக் கிண்ணம் உங்கள் ஊரிலிருந்து வந்தது என்று காட்டவில்லையே. அவரே செய்து, அவரே புகட்டியிருக்கலாம்."

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது. என்ன எல்லாம் என்று எழுதமாட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சபாபதி காரணமே இல்லாமல் டிரைவருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்னும் பன்னிரண்டு நாள். நாளைக்குச் சித்திரை ஒன்று. வேப்பம்பூ கிடைக்காத ஊரில் மாங்காய் மட்டும் கிடைத்தது. பச்சடிக்கு வாங்கியதை நானே உப்புத் தொட்டுத் தின்று தீர்த்துவிட்டேன். சபாபதி மறுபடி கடைக்குப் போய் வந்தார்.

மத்தியானம் மாதிரி 1 படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாங்காய்ப் பையோடு பின்னால் வந்து நின்றவர், "இது யாரோடது?" என்றார்.

"வின்டர்பர்னோடதுதான். அடிப்பக்கம் அரிச்சுப் போயிருக்கு."

"அரிப்பா? வெள்ளி இப்படி வரிசையாவா அரிக்கும்? ஆவுடை, பேர் வெட்டிருக்கு!"

பத்து வயதிலிருந்து கடையில் உட்கார்ந்து, கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்கெல்லாம் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுத்தவர் அவர். 'பேர் வெட்டணுமா' என்று கேட்காமல் ஒரு குடத்தைக்கூட விற்றதில்லையாம். பாத்திரம் என்று ஒன்று இருந்தால் அதில் பெயர் இல்லாமல் நம் ஜனங்கள் விடுவார்களா! மூன்று மாதமாக நான் பார்க்கிறேன், எனக்கு ஏன் தோன்றவில்லை? பட்டியலில் அரிப்பு என்று இருந்தது, நானும் அரிப்பு என்றே பார்த்தேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

படத்தைத் திருப்பினோம். தலைகீழாக இருந்திருக்கிறது. புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்தேன். அ. ன. ன. ம.

"அனனமவா? அப்படி ஒரு பேரா?" என்றேன். ஏமாற்றத்தில் அழுகையே வந்துவிட்டது.

"எழுத்தே புள்ளில இருக்கு, அதுக்கு மேல தனியா எங்க புள்ளி வைப்பான்?" என்றார் அவர் விளையாட்டாக.

விளையாட்டில்லை! அந்தக் காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதுவது சாதாரணம். ஓலையிலும் அப்படி, செம்பிலும் அப்படி. புள்ளியை நாம் வைத்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்னம். ஏ. என்பது ஆல்பர்ட் இல்லை. அன்னம்!

ஏப்ரல் 14, திங்கள்

காலையில் பச்சடியை ஒரு வாய் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

ஜூடித்திடம் படத்தை உடனே காட்டவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு இப்போது தெரியும். ஒரு தாளில் தமிழ் உயிரெழுத்தும் அகர வரிசை மெய்யும் முப்பது எழுத்தை எழுதி அவர் கையில் கொடுத்தேன். மாதிரி 1 ஐக் கவிழ்த்து விளக்கடியில் வைத்தேன். "நான் வாய் திறக்கமாட்டேன். நீங்களே கண்டுபிடியுங்கள்" என்றேன்.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இருபது நிமிடம். முதல் எழுத்தைத் தொட்டார். சரி. இரண்டு சுழி 'ன' வில் விரல் நின்றது, சுழிகளை எண்ணினார். சரி. அதே எழுத்து மறுபடியும். கடைசியில் 'ம'. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி உச்சரிப்பது?"

"அன்னம்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "1861 இல் மக்கள் கணக்கெடுப்பு நடந்தது. அவர் வீட்டுப் பட்டியலில் ஒரு பெயர் உண்டு. ஆன், தாதி, பிறந்த ஊர் மதராஸ். அங்கே இருந்த யாரோ ஆங்கிலேயச் சிப்பாயின் மகள் என்று நினைத்துக் கடந்து போய்விட்டேன்." பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள துரைமார் குடும்பங்களோடு கப்பலேறி வந்து, வந்த இடத்தில் கைவிடப்பட்ட ஆயாக்கள் நிறையப் பேர். அன்னமும் அப்படி வந்து சேர்ந்திருக்க வேண்டும், பாலாடையை மூட்டையில் வைத்துக்கொண்டு. பிள்ளையைக் காப்பாற்றியவள் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். அன்னம், ஆன், அன்னா.

பலகையை மாற்றுவீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். ஜூடித் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு குறுகிய புத்தகத்தை எடுத்து வந்தார்.

"இதை நான் என் புத்தகத்தில் சேர்க்கவில்லை. வெட்கமாக இருந்தது."

1863 முதல் இருபத்தேழு வருடப் பெயர்ப் பட்டியல். தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களுக்குப் பிரசவம் ஆனால், ஒவ்வொருத்திக்கும் ஓர் அன்னா படகு. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

"பாலுக்கே வழியில்லாத பெண்களுக்குக் கிரீம் கிண்ணம் கொடுத்த மடப் பணக்காரன் என்று நினைத்தேன், ஆடி. இவ்வளவு நல்ல மனிதர் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்தாரே என்று மூடி வைத்தேன். முப்பது வருடம்! அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடையில் கிரீம் என்று விற்றார், இவர்களுக்கு எதற்கென்று தெரிந்துதான் கொடுத்தார்."

அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் இரண்டையும் செய்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பலகை அச்சுக்குப் போயிற்று. இலை இல்லை. முதல் வரி: 'இந்தக் கிண்ணத்தை வின்டர்பர்ன் படைக்கவில்லை. அன்னம் கொண்டு வந்தார்.' ஜூடித் தாமே எழுதியது.

மே 16, வெள்ளி

கூட்டமான கூட்டம்! நான் நிற்கக் கூடாது என்று ஜூடித் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிட்டார், அதுவும் முன்வரிசையில். பார்க்கிறவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கீழே பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஜூடித் மேடையேறி, "என் புத்தகத்தில் பதினோரு பக்கம் தவறு. வாங்கியவர்கள் அதைக் கிழித்துவிடலாம்" என்று ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு, "இதைக் கண்டுபிடித்தவர் ஆவுடையம்மாள்" என்றார். ஒரு எழுத்து பிசகவில்லை! சபாபதியிடம் போனில் கேட்டுக் கேட்டு ஒரு வாரம் பழகினாராம். இவர் வீட்டில் மூச்சுவிடவில்லை, திருடன்.

பஸ் ஓட்டும் அம்மாள் ஒருவர் கைப்பையிலிருந்து கறுத்துப் போன அன்னா படகு ஒன்றை எடுத்தார். அவர் பாட்டியின் பாட்டி வின்டர்பர்னில் மெருகு போட்டவராம். "நாங்கள் சாவி போட்டு வைத்திருக்கிறோம்" என்றார். பட்டியலில் தேடினோம். நூற்று நாற்பதாவது பெயர். அவர் சாவியை வெளியே எடுத்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

ஜூன் 9, திங்கள்

இப்போது எழுதலாம்.

மகள். வியாழக்கிழமை காலை. ஆறு வாரம் அவசரப்பட்டுவிட்டாள், என் புத்தி அப்படியே. நாலு பவுண்டுகூட இல்லை. மூச்சு நன்றாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது, உறிஞ்ச மட்டும் இன்னும் தெரியவில்லை. சின்னக் கப்பில் புகட்டுவது இங்கேயும் வழக்கம்தான் என்று நர்ஸ் சொன்னாள்.

இன்று காலை ஜூடித் வந்தார், பெட்டியோடு. முதல் சம்பளத்தில் அவர் தமக்கென்று வாங்கிய அன்னா படகு. முலாம் இல்லை, கெட்டி வெள்ளி, அடியில் வரிசையாக முத்திரைகள். "பிறப்பதற்கு முன்னால் கொடுக்கக் கூடாது என்று உன் கணவர் சொன்னார். காத்திருந்தேன்" என்றார். கூடவே ஒரு தாள். ஆவணத்தில் பேனா படக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், தனித் தாளில் பென்சிலால் எழுதியிருந்தார்: '413. ஆவுடையம்மாள், பட்டியல் பிரிவு. ஒரு படகு.'

நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அடியில் பெயர் வெட்ட வேண்டும் என்று சபாபதி இப்போதே உளி தேடுகிறார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. இந்தத் தடவை புள்ளி வைத்தே வெட்டிவிடலாம் என்கிறார்.

10 மணி. அரை அவுன்ஸ், வாய் ஓரமாக. பாதி வழிந்துவிட்டது.

12 மணி. அரை அவுன்ஸ். இன்னும் மெதுவாகச் சாய்க்க வேண்டும்.

2 மணி. அரை அவுன்ஸ். வழியவில்லை.